பழைய வீட்டுக்குள்ள பகல் வந்த கதை

அம்மா ஊசியில நூல் கோக்கணும்னா எந்திரிச்சு வாசப்படிக்குத்தான் வருவாங்க. பட்டப்பகல் பதினொரு மணி, வெளிய கண்ணு கூசுற வெயிலு, ஆனா நடு அறையில உக்காந்தா ஊசிக் காது தெரியாது. அது அவங்க கண்ணோட கோளாறுன்னே ரொம்ப வருஷம் நினைச்சிட்டிருந்தோம், மூக்குக்கண்ணாடி கூட ரெண்டு தடவ மாத்தியாச்சு. ஒருநாள் சும்மா போன்ல வெளிச்சம் அளக்குற ஆப் ஒண்ண போட்டு அந்த அறை நடுவுல வச்சுப் பாத்தேன். 12 லக்ஸ்னு காட்டுச்சு. போன் ஆப் அவ்வளவு துல்லியம் கிடையாது, அது தெரியும், ஆனாலும் படிக்க தைக்க 300லேர்ந்து 500 லக்ஸாவது வேணும்ங்கிறப்ப 12க்கும் 20க்கும் என்ன பெரிய வித்தியாசம். வெளிய நேர் வெயில்ல ஒரு லட்சம் லக்ஸ் வரைக்கும் இருக்கும், மேகம் மூடின நாள்ல கூட பத்தாயிரம் இருக்கும். அத்தனை வெளிச்சம் சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டிக் கிடக்க, இந்தப் பக்கம் எங்கம்மா நூலை எச்சில் பண்ணி எச்சில் பண்ணி வாசப்படிக்கு நடந்திட்டிருந்திருக்காங்க. அன்னைக்குத்தான் இந்த வீட்டை ஏதாவது பண்ணியே ஆகணும்னு முடிவு பண்ணேன்.

கிராமத்து வீடு. தாத்தா காலத்துக்கும் முந்தினது. ரெண்டடி கனத்துல சுவரு, குனிஞ்சு போற அளவு நிலை, கையகல ஜன்னல், மேல கரி ஏறின மர உத்திரம், ஓட்டுக் கூரை. அறைக்குள்ள அறை, அதுக்குள்ள இன்னொரு அறை. எல்லாரையும் மாதிரி எனக்கும் முதல்ல வந்த யோசனை என்னன்னா, குறுக்க இருக்கிற சுவரையெல்லாம் தட்டிட்டு ஒரே ஹாலா ஆக்கி, முன்பக்கம் பூராவும் கண்ணாடி போட்டுடலாம்ங்கிறதுதான். படம்லாம் சேத்து வச்சிருந்தேன். மேஸ்திரி அண்ணன் வந்தாரு, படத்தையெல்லாம் பொறுமையா பாத்தாரு, அப்புறம் நடுச் சுவத்துல உள்ளங்கைய வச்சுட்டு ஒரு கேள்வி கேட்டாரு.

"தம்பி, இந்தச் சுவரு எதைத் தூக்கிட்டு நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலண்ணே."

"எனக்கும் இன்னும் தெரியல. தெரிஞ்சப்புறம் சுத்தியல எடுப்போம்."

அவரு அன்னைக்கு அப்படிச் சொன்னதுக்கு நான் இன்னைக்கு வரைக்கும் நன்றியோட இருக்கேன். ஏன்னா அதுக்கப்புறம் நாலஞ்சு மாசம் நாங்க ஒரு செங்கல்ல கூட கை வைக்கல, வீட்டைப் பாத்துட்டு மட்டும் இருந்தோம். அந்த நாலஞ்சு மாசம் இல்லாம இருந்திருந்தா தப்பான சுவரைத்தான் இடிச்சிருப்போம்.

பழைய வீடு ஏன் இருட்டா இருக்குன்னு யோசிச்சுப் பாத்தா கட்டினவங்க மேல கோவம் வராது, மரியாதைதான் வரும். அந்தச் சுவருதான் வீட்டோட எலும்பு, தூணும் பீமும் தனியா கிடையாது, அதுல ஓட்டை போட்டா அந்த அளவுக்கு பலம் குறையும், அதனால சின்னதா போட்டாங்க. கனமான சுவரும் சின்ன ஜன்னலும் இருந்தாத்தான் வெயில்லயும் குளிர்லயும் உள்ள இருக்க முடியும். அப்புறம் கண்ணாடி. இன்னைக்கு நாம ஆளுயரத்துக்கு மேல பெருசா வாங்குற தட்டையான கண்ணாடி இருக்கே, அது உருக்கின தகரத்து மேல கண்ணாடிக் குழம்பை மிதக்க விட்டுச் செய்யுற முறையில வருது, பிரிட்டன்ல பில்கிங்டன் கம்பெனி அதை 1959ல தான் உலகத்துக்கு அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடி பெரிய நல்ல கண்ணாடிங்கிறது பணக்காரன் சமாச்சாரம். இதுல வரி வேற. இங்கிலாந்துல 1696லேர்ந்து 1851 வரைக்கும் ஜன்னலை எண்ணி வரி போட்டிருக்காங்க, பிரான்ஸ்ல கதவுக்கும் ஜன்னலுக்கும் சேத்து 1798லேர்ந்து 1926 வரைக்கும். வரிக்குப் பயந்து ஜன்னலை செங்கல் வச்சு அடைச்ச வீடுங்க அங்க இன்னைக்கும் நிக்குது. காத்துக்கும் வெளிச்சத்துக்கும் காசு கேட்டா ஏழை என்ன பண்ணுவான், இருட்டுலதான் உக்காருவான். இதைப் படிச்சப்ப எனக்கு மனசு கஷ்டமா போச்சு.

சரி, பாத்துட்டே இருந்தோம்னு சொன்னேன்ல, எப்படின்னா, சாக்பீஸ். ஜன்னல் வழியா தரையில விழுற வெயில் சதுரம் இருக்கு பாருங்க, அதோட ஓரத்தை மணிக்கு ஒரு தடவ சாக்பீஸால வரைஞ்சு பக்கத்துல நேரம் எழுதி வச்சோம். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா இன்னொரு கலர்ல. நாலு மாசத்துல தரை முழுக்க சாய்சாய்வா கட்டம் கட்டமா ஒரு வரைபடமே வந்துருச்சு, அம்மா அதைத் துடைக்காம சுத்தி சுத்திப் பெருக்குவாங்க. சூரியன் ஒரு சீசன்ல உயர ஏறிப் போகும், இன்னொரு சீசன்ல தாழ்வா வரும், தாழ்வா வர்றப்ப வெயில் ரொம்ப உள்ள வரும், இதெல்லாம் ஸ்கூல்ல படிச்சதுதான், ஆனா நம்ம வீட்டுத் தரையில நம்ம கையால கோடு போட்டுப் பாக்குறப்ப அது வேற மாதிரி புரியுது. அந்தக் கோடுங்க காட்டினது இதுதான்: முன்னறை ஜன்னல்ல இருந்து வெளிச்சம் ஒழுங்கா ஏழெட்டு அடி வரைக்கும் வருது, அதுக்கு மேல வரல. நடு அறையில இருட்டுக்குக் காரணம் குறுக்குச் சுவரு மட்டும் இல்ல. அந்தச் சுவரை இடிச்சாலும் அங்க வெளிச்சம் போய்ச் சேராது.

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, கட்டிடம் படிச்சவங்களுக்குத் தெரியும். ஜன்னலோட மேல் விளிம்பு தரையில இருந்து எவ்வளவு உயரமோ, அதுல ஒன்றரை மடங்குலேர்ந்து ரெண்டு மடங்கு தூரம் வரைக்கும்தான் உபயோகமான வெளிச்சம் உள்ள போகும். எங்க ஜன்னலோட மேல் விளிம்பு 5 அடி. சரியா ஏழரையில இருந்து பத்து அடி. அறையோட ஆழம் 18 அடி. இதுல கவனிக்க வேண்டியது, ஜன்னலோட அகலம் அந்தக் கணக்குல வரவே இல்ல. ஜன்னலை ரெண்டு மடங்கு அகலமாக்கினா ஜன்னல் பக்கத்துல வெளிச்சம் கூடும், ஆனா ஆழத்துக்குப் போகாது. உயரத்தைக் கூட்டினாத்தான் உள்ள போகும்.

இதைக் கேட்டதும் மேஸ்திரி அண்ணன் முகம் மலர்ந்துருச்சு, ஏன்னா அவருக்கு இது ரொம்ப சுலபமான வேலை. அகலமாக்கினா மேல புதுசா பெரிய லிண்டல், அதாவது ஜன்னல் தலைக்கு மேல பாரம் தாங்குற கட்டை, போடணும், பக்கத்துச் சுவரை வெட்டணும், பாரம் எல்லாம் இடம் மாறும். அதே அகலத்துல உயர்த்துறதுன்னா ஜன்னலுக்கு மேல சும்மா கிடந்த ரெண்டே முக்கால் அடிச் சுவரை எடுத்துட்டு லிண்டலை மேல ஏத்தி வச்சா முடிஞ்சுது. உத்திரம் எங்க உக்காந்திருக்குன்னு மட்டும் பாத்துக்கணும், உத்திரத்துக்கு நேர் கீழ ஜன்னல் வரக் கூடாது. எங்களுக்கு நாலு ஜன்னல்ல மூணு தப்பிச்சுது, ஒண்ணுல மட்டும் உத்திரம் நடுவுல வந்து நின்னுச்சு, அதை அப்படியே விட்டுட்டோம்.

இன்னொண்ணும் பண்ணோம், அதுதான் எனக்கு இந்த வீட்டுலயே ரொம்பப் பிடிச்ச இடம். ரெண்டடி கனச் சுவத்துல ஜன்னல்னா அது ஜன்னல் இல்ல, ஒரு சுரங்கம். வெளிச்சம் பக்கவாட்டுல அந்தச் சுரங்கத்துச் சுவத்துலயே முட்டி நின்னுடும். அதனால உள்பக்க ஓரங்களை ரெண்டு பக்கமும் சாய்வா செதுக்கி விட்டோம், உள்ள வர வர அகலமா விரியுற மாதிரி. பழைய கோட்டையிலயும் கோயில்லயும் சர்ச்சுலயும் இப்படித்தான் இருக்கும், பாத்திருப்பீங்க. சாய்வுல வெள்ளைச் சுண்ணாம்பு பூசினோம். இப்ப என்ன ஆகுதுன்னா, வெளியில வர்ற பளீர் வெளிச்சத்துக்கும் இருட்டான சுவத்துக்கும் நடுவுல அந்தச் சாய்வு ஒரு மங்கலான வெள்ளையா நிக்குது, கண்ணு கூசல. முன்னாடி சின்ன ஜன்னல் ஒரு வெள்ளை ஓட்டை மாதிரி எரியும், அதைப் பாத்த கண்ணுக்கு அறை இன்னும் இருட்டா தெரியும். அறையில மொத்தம் எவ்வளவு வெளிச்சம் இருக்குங்கிறதை விட பக்கத்துப் பக்கத்துல எவ்வளவு வித்தியாசம் இருக்குங்கிறதைத்தான் கண்ணு கவனிக்குது. அந்தச் சாய்வுக்கு ஆன செலவு மூட்டைக் கணக்குல சுண்ணாம்பும் ஒரு ஆளோட ஆறு நாள் உளி வேலையும்தான்.

நடு அறைக்கு எந்த ஜன்னலும் எட்டாது. அதுக்கு ஒரே வழி மேல இருந்து இறக்குறது. மேகமூட்டமான வானத்துல தலைக்கு நேர் மேல இருக்கிற பகுதி அடிவானத்தை விட மூணு மடங்கு பிரகாசமா இருக்கும்னு ஒரு கணக்கு உண்டு, அதனால ஒரே அளவு கண்ணாடிய சுவத்துல வைக்கிறதுக்கும் கூரையில வைக்கிறதுக்கும் அவ்வளவு வித்தியாசம். கூரையில ரெண்டு இடத்துல, கைமரத்தை வெட்டாம ரெண்டு கைமரத்துக்கு நடுவுல இருக்கிற இடைவெளிக்கு அளவா, கண்ணாடி வச்சோம். ஒரு விஷயத்தை அழுத்தமா சொல்லணும், தலைக்கு மேல வைக்கிற கண்ணாடி லேமினேட்டடாத்தான் இருக்கணும், அதாவது நடுவுல ஒரு பிளாஸ்டிக் படலம் வச்சு ஒட்டினது. உடைஞ்சாலும் துண்டு கீழ விழாம படலத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். சூடேத்திக் கெட்டிப்படுத்தின வெறும் டஃபன்ட் கண்ணாடி உடைஞ்சா சிறுசிறு துண்டா மழை மாதிரி கொட்டும். வீட்ல வயசானவங்களும் குழந்தைங்களும் கீழ படுத்திருப்பாங்க, இதுல காசு மிச்சம் பிடிக்கவே கூடாது.

எந்தப் பக்கச் சரிவுல வைக்கிறதுங்கிறதும் முக்கியம். பூமத்திய ரேகைக்கு வடக்க இருக்கிறவங்களுக்கு வடக்குச் சரிவு, தெற்க இருக்கிறவங்களுக்குத் தெற்குச் சரிவு, அங்கதான் வருஷத்துல பெரும்பகுதி நேர் வெயில் கம்மியா, ஓரளவு சீரான வெளிச்சம் வரும். எதிர்ச் சரிவுல வச்சா வெளிச்சம் கூடவே அடுப்பு மாதிரி சூடும் இறங்கும். மேற்குப் பக்கம் ரொம்பவே தொந்தரவு, சாயங்கால வெயில் தாழ்வா படுக்கையா வரும், எவ்வளவு நீளமா சன்ஷேடு போட்டாலும் அது கீழ புகுந்து வந்துரும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கமா மரச் சட்டக் கதவு ஒண்ணுதான் சரியான மருந்து. உள்பக்கம் திரை போட்டு பிரயோஜனம் கம்மி, வெயில் கண்ணாடியத் தாண்டி உள்ள வந்துட்டா சூடும் உள்ள வந்துட்டதாத்தான் அர்த்தம்.

இப்ப அந்தச் சுவத்துக்கு வர்றேன்.

மேல இருந்து வெளிச்சம் வந்தப்புறமும் முன்னறைக்கும் நடு அறைக்கும் நடுவுல இருந்த சுவரு எங்களுக்கு உறுத்திட்டே இருந்துச்சு, ஒரு அறையில இருக்கிறவங்க இன்னொரு அறைக்கு அந்நியமா இருந்தோம். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் மேடம் ஒருத்தங்க வந்தாங்க. அவங்க சுவத்தைத் தட்டிப் பாக்கல, நேரா ஏணி வச்சு மேல ஏறி, டார்ச்சோட கூரைக்கு அடியில ஊர்ந்து போனாங்க. அரை மணி நேரம் கழிச்சு முகம் பூரா ஒட்டடையோட இறங்கினாங்க. உத்திரம் ரெண்டும் முன்சுவத்துல இருந்து பின்சுவத்துக்கு ஒரே மரம்னு நாங்க நினைச்சிட்டிருந்தோம், ஆனா அதுல ஒரு உத்திரம் ரெண்டு துண்டா இருந்துச்சு, அந்த ரெண்டு துண்டும் சேர்ற இடம் சரியா அந்த நடுச் சுவத்து மேல. கீழ இருந்து பாத்தா தெரியாது, பூச்சு மறைச்சிருந்துச்சு. அந்தச் சுவரை சும்மா தட்டியிருந்தா கூரையில பாதி எங்க மேல வந்திருக்கும். இதை எழுதுறப்பவும் எனக்கு வயித்துல ஒரு மாதிரி பண்ணுது. தட்டிப் பாத்தா சத்தம் வச்சு சொல்லிடலாம், கனம் கம்மின்னா பாரம் தாங்காதுன்னு சொல்றவங்களை தயவுசெஞ்சு நம்பாதீங்க. மெல்லிசுச் சுவரு கூட காலப்போக்குல மேல மரம் தொய்ஞ்சு வந்து உக்காந்து பாரம் வாங்கியிருக்கும். மேல ஏறிப் பாத்தவங்க சொல்றதுதான் கணக்கு.

அதுக்கப்புறம் வேலை இப்படிப் போச்சு. சுவத்துல வரிசையா ஓட்டை போட்டு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் கட்டையான இரும்புத் துண்டுகளை நுழைச்சு, ரெண்டு பக்கமும் ஜாக்கி முட்டுக் கொடுத்து, மேல இருக்கிற பாரத்தை முட்டு மேல வாங்கிட்டாங்க. உத்திரம் சேர்ற இடத்துக்குத் தனியா முட்டு. முட்டுக்கு அடியில பலகை, இல்லன்னா தரையில குத்தி இறங்கிடும். அப்புறம்தான் அடியில இருக்கிற சுவரை மேல இருந்து கீழ வரிசை வரிசையா எடுத்தாங்க, இடிக்கல, எடுத்தாங்க, ஒவ்வொரு செங்கல்லா. ஐ பீம்ங்கிற இரும்பு உத்திரத்தை ஏத்தி ரெண்டு முனையிலயும் வெறும் செங்கல் மேல வைக்காம கான்கிரீட் கட்டை மேல உக்கார வச்சாங்க, ஏன்னா பீம் அத்தனை பாரத்தையும் முனையில ரெண்டு சின்ன இடத்துல கொண்டு வந்து இறக்கும், பழைய செங்கல் அங்க நசுங்கிடும். பீமுக்கும் மேல இருக்கிற சுவத்துக்கும் நடுவுல இருந்த இடைவெளிய இறுக்கி அடைச்சுட்டு, அது நல்லா இறுகினப்புறம் ஜாக்கிய ஒரு நேரத்துல கால் சுத்து கால் சுத்தா, எல்லா முட்டுகளையும் மாத்தி மாத்தி, தளர்த்தினாரு அண்ணன். யாரும் பேசல. ஒரு இடத்துல "டிக்"னு ஒரு சத்தம். அண்ணன் கைய நிறுத்திட்டு தலைய சாய்ச்சுக் கேட்டாரு. ரெண்டு நிமிஷம் ஒண்ணும் இல்ல. "உக்காருது, உக்காரட்டும்"னு சொல்லிட்டு மறுபடி கால் சுத்து.

பீமுக்கு மேல மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு விட்டுச்சு. நான் பதறிட்டேன். இன்ஜினியர் மேடம் அதுக்குக் குறுக்கால ஒரு மெல்லிசு கண்ணாடித் துண்டை ரெண்டு முனையிலயும் ஒட்டி, பக்கத்துல பென்சில்ல தேதி எழுதிட்டுப் போனாங்க. சுவரு இன்னும் நகந்துட்டிருந்தா கண்ணாடி உடைஞ்சிரும், அவ்வளவுதான். மூணு மாசம் தினமும் காலையில அந்தக் கண்ணாடியத்தான் முதல்ல பாப்பேன். உடையல. அந்தக் கண்ணாடித் துண்டையும் தேதியையும் எடுக்க மனசு வரல, இன்னும் இருக்கு.

சுவரை முழுசா எடுக்காம ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு ரெண்டு அடி விட்டுட்டாங்க. எனக்கு முதல்ல ஏமாற்றமா இருந்துச்சு. ஆனா அந்த ரெண்டடிதான் வெளிச் சுவத்துக்குப் பக்கவாட்டுல சாய விடாம முட்டுக் கொடுக்குது. இன்னொரு நல்லதும் நடந்துச்சு, அந்த ரெண்டு துண்டுச் சுவரு இருக்கிறதால இது ஒரே கொட்டகை மாதிரி தெரியல, ரெண்டு இடம் கை கோத்து நிக்குற மாதிரி தெரியுது. அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் சிகாகோவுல 1910ல முடிச்ச ரோபி ஹவுஸ்ல ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவுல சுவரே இல்ல, கணப்பு அடுப்பு மட்டும் நடுவுல நிக்குது, அதுக்கு மேலயும் திறந்து விட்டு அந்தப் பக்கத்துக் கூரை தெரியுற மாதிரி பண்ணியிருப்பாரு. திறந்த இடம்னா எல்லாத்தையும் காலி பண்றதுன்னு அர்த்தம் இல்ல. இங்க நின்னா அங்க என்னன்னு தெரியணும், ஆனா இங்கங்கிறதும் அங்கங்கிறதும் வேற வேறயா இருக்கணும்.

சுவத்துப் பூச்சைப் பத்தி சொல்லாம விட முடியாது, ஏன்னா அதுலதான் நாங்க ரொம்ப கஷ்டப்பட்டோம். இந்த வேலைக்குப் பல வருஷம் முன்னாடி பின்சுவத்துல ஓதம் ஏறுதுன்னு ஒரு ஆளை வச்சு சிமெண்ட் பூசியிருந்தோம். ரெண்டு வருஷம் பளிச்சுன்னு இருந்துச்சு. அப்புறம் பொரிஞ்சு, உப்புப் பூத்து, தட்டு தட்டா உதிர ஆரம்பிச்சு, கடைசியில ஓதம் முன்னைவிட ரெண்டடி மேல ஏறிடுச்சு. ஏன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கினதே 1824ல, அது ஊர் ஊரா பரவ இன்னும் பல காலம் ஆச்சு. அதுக்கு முந்தின வீடெல்லாம் சுண்ணாம்புலயும் மண்ணுலயும் கட்டினது, அந்தச் சுவரு தண்ணிய உறிஞ்சும், காத்து பட்டா ஆவியா வெளிய விட்டுடும், அப்படித்தான் அது பொழைக்குது. மேல சிமெண்ட் பூசினா வெளிய விடுற வழி அடைபட்டுப் போகுது, தண்ணி உள்ளயே தங்கி மேல மேல ஏறுது. பிளாஸ்டிக் மாதிரி படலம் போடுற பெயிண்ட்டும் அதே வேலையத்தான் பண்ணும்.

சிமெண்ட்டை முழுக்க கொத்தி எடுத்தோம். சுவத்தை நாலு மாசம் வெறுமனே காய விட்டோம். வெளிப்பக்கம் போய்ப் பாத்தா இன்னொரு காரணம் காலடியிலயே கிடந்துச்சு: வருஷா வருஷம் மண்ணு சேந்து சேந்து வெளித் தரை வீட்டுத் தரைய விட முக்கால் அடி உயரமா இருந்துச்சு, அடியில பழைய கல் பீடமே புதைஞ்சு போயிருந்துச்சு. மண்ணை வெட்டி எடுத்துத் தண்ணி வெளிப்பக்கமா ஓட சரிவு வச்சதுலயே பாதி ஓதம் நின்னுருச்சு. எந்தக் கெமிக்கலும் வேணாம், மண்வெட்டி போதும். அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்புக் கல்லை சுமார் 900 டிகிரியில சுட்டா அதுல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடு வெளிய போயிடும், தண்ணியில நீர்த்துப் போட்டுக் குழைச்சுப் பூசினா மறுபடி காத்துல இருந்து அதையே மெதுவா இழுத்துக்கிட்டு திரும்பக் கல்லா மாறும். அவசரப்படவே முடியாது. மெல்லிசா ஒரு கை பூசி, ஈரத் துணி தொங்க விட்டு, காத்திருந்து அடுத்த கை. மேஸ்திரி அண்ணனுக்கே இந்த வேலை கை மறந்து போயிருந்துச்சு, அவரோட சித்தப்பா, எழுபதைத் தாண்டினவரு, நாற்காலி போட்டு உக்காந்து சொல்லிக் கொடுத்தாரு. "மணியாசு கட்டைய அழுத்தாதடா, தடவு, அது குழந்தைடா"ன்னு. அந்தச் சுவத்தைத் தொட்டா இன்னைக்கும் மெத்துன்னு ஒரு குளிர்ச்சி.

மரத்துக்கு வந்தா, உத்திரம் ஒண்ணுல சுவத்துக்குள்ள போற முனை ஒரு முழம் உளுத்துப் போயிருந்துச்சு. மாத்திடுங்கன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. 1877ல இங்கிலாந்துல பழைய கட்டிடங்களைக் காப்பாத்த வில்லியம் மோரிஸ் ஒரு சங்கம் ஆரம்பிச்சாரு, பழசை சுரண்டிப் புதுசாக்காதீங்க, கெட்டுப்போனதை மட்டும் பழுது பாருங்கங்கிறதுதான் அவங்க கொள்கை. எனக்கு அது மனசுக்குப் பட்டுச்சு. ஆசாரி உளுத்த முனைய மட்டும் சாய்வா அறுத்துட்டு அதே மாதிரி மரத்துல ஒட்டுப் போட்டு போல்ட் முடுக்கினாரு, முனையச் சுத்தி சுவத்துக்குள்ள காத்து போக இடம் விட்டாரு. மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா உளுக்க வைக்கிற காளான் வளராது, அதனால காய்ஞ்சு இருந்தா போதும். கதவுங்கள்ல இருந்த பழைய பெயிண்ட்டை மட்டும் காய்ஞ்ச உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடல. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கும், அமெரிக்காவுல வீட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்ல அதை 1978லயே தடை பண்ணிட்டாங்க, அந்தத் தூசி குழந்தைங்க மூளையப் பாதிக்கும். தண்ணி தெளிச்சு நனைச்சு சுரண்டி, தூசிய அள்ளிக் கட்டி எடுத்தோம், குழந்தைங்களை அந்த வாரம் பூரா வீட்டுப் பக்கம் விடல.

கலருக்கு நான் நிறைய யோசிச்சேன். வெளிச்சம் உள்ள வந்ததும் சுவத்துல பட்டு கூரையில பட்டு மறுபடி தரையில படும். வெள்ளைச் சுண்ணாம்பு ஒவ்வொரு தடவயும் பத்துல எட்டு பங்கைத் திருப்பி அனுப்பும், மூணு தடவ பட்டாலும் பாதி மிஞ்சும். கரி படிஞ்ச சுவரு பத்துல மூணு பங்குதான் திருப்பும், மூணு தடவ பட்டா நூறுல மூணு கூட மிஞ்சாது. அதனாலதான் ஜன்னல் எதையும் தொடாம வெறும் வெள்ளை அடிச்சாலே ஒரு இருட்டு வீடு பாதி மாறிடும், கையில காசு இல்லாதவங்க அதுலேர்ந்தே ஆரம்பிக்கலாம். முக்கியமா மேல்பக்கம். நாங்க உத்திரத்தை மர நிறத்துலயே விட்டுட்டு, உத்திரத்துக்கு நடுவுல இருந்த பலகைக்கு மட்டும் வெள்ளை அடிச்சோம்.

எல்லாம் முடிஞ்சு சாமான் ஏத்துறதுக்கு முன்னாடி அம்மா உள்ள நின்னு என்னைக் கூப்பிட்டாங்க, குரல் நாலா பக்கமும் மோதித் திரும்பி வந்துச்சு. பேசினா புரியல. சுவரு போனதும் இடம் பெருசாச்சு, தரை கெட்டி, சுவரு கெட்டி, சத்தம் எங்கயும் போய் அடங்க மாட்டேங்குது. ஹார்வர்டுல 1895 வாக்குல வாலஸ் சபைன்னு ஒரு பேராசிரியர் இதே மாதிரி எதிரொலிக்குற ஒரு ஹாலுக்கு ராத்திரி ராத்திரி பக்கத்து அரங்கத்துல இருந்து மெத்தைகளைத் தூக்கிட்டு வந்து போட்டுப் போட்டு சத்தம் எவ்வளவு நேரத்துல அடங்குதுன்னு அளந்திருக்காரு, ஒலி அடங்குற கணக்கே அதுலேர்ந்துதான் வந்துச்சு. நாங்களும் அதையே பண்ணோம். ஜமக்காளம், கனமான திரை, ஒரு சுவரு முழுக்க புத்தக அலமாரி. புத்தகம் அடுக்கி முடிச்ச அன்னைக்கு வீடு அமைதியாச்சு. ஓபன் பிளான் பண்றவங்க இதை முன்னாடியே யோசிச்சிடுங்க, சுவரு எடுத்தா சத்தம் மட்டும் இல்ல, புகையும் தங்குதடை இல்லாம போகும், படுக்கிற அறை பக்கமா ஒரு ஸ்மோக் அலாரம் கண்டிப்பா வேணும்.

இப்ப நடு அறையில மேகமூட்டமான நாள்ல 300க்கு மேல காட்டுது. அம்மா தைக்கிறப்ப எந்திரிக்கிறது இல்ல. ஆனா பழக்கம் விடல, நூலைக் கையில எடுத்ததும் ஒரு நொடி வாசப் பக்கம் திரும்பிப் பாப்பாங்க.

ஒரு அறைய மட்டும் நாங்க திறந்து விடல. வீட்டோட உள்மூலையில, ஒரே ஒரு சின்ன ஜன்னலோட, நாலு பக்கமும் கனச் சுவரு உள்ள அறை. மேஸ்திரி அண்ணன் இதையும் திறந்துடலாமா தம்பின்னு கேட்டாரு, அம்மா வேணாம்னுட்டாங்க. "ஒரு அறையாவது தூங்குற அறையா இருக்கட்டும்டா." வெயில் உச்சிக்கு வர்றப்ப எல்லாரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா அங்கதான் போய்ப் படுக்கிறோம், பேரப் பசங்க உட்பட. அந்த அறைச் சுவத்துக்கு மட்டும் இன்னும் ரெண்டாவது கை சுண்ணாம்பு பாக்கி. மழை விட்டதும் சித்தப்பா வர்றேன்னு சொல்லியிருக்காரு.